கண் அமுக்கத்தை ஆராயிற டொக்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்: எங்கட வெக்கையிலயும் ஒருக்கா சோதிச்சுப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில கண் வைத்தியம் பாக்கிற டொக்டர்மாருக்கும், மருத்துவ பீடத்தில ஆராய்ச்சி செய்யிற பிள்ளையளுக்கும், அந்த ஆராய்ச்சியளுக்கு அனுமதி குடுக்கிற நெறிமுறைக் குழு ஆக்களுக்கும் வணக்கம்.

நான் டவுனில ஒரு பார்மசியில வேலை செய்யிற ஆள். பார்மசிஸ்ட் கூட இல்லை, அவருக்குப் பக்கத்தில நிண்டு துண்டைப் பாத்து மருந்து எடுத்துக் குடுக்கிறது, காசு வாங்கிறது, "எத்தினை நேரம் விடுறது தம்பி" எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஆறுதலாச் சொல்லி விடுறது, இதுதான் என்ர வேலை. அப்ப உனக்கேன் ஆராய்ச்சிக் கதை எண்டு கேப்பியள். கண் பிரஷர் மருந்து வாங்க வாற சனத்தை மாதக்கணக்கா வருசக்கணக்கா பாத்துக்கொண்டு நிக்கிறவன் நான், நீங்கள் அவையை கிளினிக்கில அஞ்சு நிமிசம் பாக்கிறியள், கண்ணைப் பாக்கிறியள், நான் போத்தலைப் பாக்கிறன். போத்தல் சொல்லுற கதை வேற.

கேக்க வந்ததை முதலே சொல்லிப்போடுறன். கண் அமுக்கத்துக்கு முதல் வைத்தியம் சொட்டு மருந்தோ லேசரோ எண்ட சோதனையை எங்கட சனத்தை வைச்சு, எங்கட வெக்கையில, எங்கட பஸ்ஸிலயும் போட்டிலயும் வந்து போற ஆக்களை வைச்சுச் செய்யுங்கோ. செய்து முடிஞ்சா என்ன கண்டுபிடிச்சனீங்கள் எண்டு அந்த ஆக்களிட்டயே திரும்ப வந்து சொல்லுங்கோ. ஏற்கனவே செய்துபோட்டம் எண்டா நல்ல சந்தோசம், அப்ப அதை எங்கட காதிலயும் ஒருக்கா போட்டுவிடுங்கோ.

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்காக ஒரு ரெண்டு வரி. கண்ணுக்குள்ள ஒரு தெளிஞ்ச நீர் எந்த நேரமும் ஊறிக்கொண்டும் வடிஞ்சுகொண்டும் இருக்கும். தோட்டத்துத் தொட்டி மாதிரி நினையுங்கோ, கிணத்தில இருந்து மோட்டர் இறைக்குது, ஆனா போற வாய்க்கால் தூர்ந்து போச்சு, அப்ப தொட்டிக்குள்ள நெருக்கம் ஏறத்தானே செய்யும். கண்ணில அந்த நெருக்கம் பின்னால இருக்கிற பார்வை நரம்பை மெல்ல மெல்லச் சாகடிக்குது. அதுதான் குளுக்கோமா. கற்றரக்ட் எண்டா ஒப்பரேசன் செய்து பார்வையைத் திருப்பி எடுக்கலாம், இதில போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்திறது மட்டும்தான் வைத்தியம். நோவும் இருக்காது கனபேருக்கு. ஓரப் பார்வைதான் முதல்ல போகும், அதால ஆளுக்கே தெரியாது. தமிழ்நாட்டில அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரர் 40 வயசுக்கு மேற்பட்ட 5150 பேரைச் சோதிச்சு 2003 இல வெளியிட்ட கணக்கில 2.6 வீதம் பேருக்கு இந்த வருத்தம் இருந்திருக்கு, அதில திறந்த கோண குளுக்கோமா எண்ட பொதுவான வகை இருந்த ஆக்களில 10 இல 9 பேருக்கு மேல தங்களுக்கு அது இருக்கெண்டே தெரியாம இருந்திருக்கினம். கடலுக்கு அங்கால இருக்கிற எங்கட ஆக்கள்தானே அவை, இஞ்சை மட்டும் வேற மாதிரி இருக்கும் எண்டு நான் நம்பேல்ல.

வெளிநாட்டு ஆராய்ச்சியளை நான் குறை சொல்ல வரேல்ல, அதுகள் இல்லையெண்டா நாங்கள் இண்டைக்கும் இருட்டுக்குள்ளதான். அமுக்கத்தைக் குறைச்சா உண்மையில பார்வை தப்புமோ எண்ட கேள்விக்கே 90களின்ர கடைசி மட்டும் திடமான பதில் இருக்கேல்ல, சனம் அதுக்கு முதலே வருசக்கணக்கா சொட்டு விட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு சுவீடனில மால்மோ பக்கம் 255 பேரை எடுத்து ஒரு பகுதிக்கு வைத்தியம் குடுத்து மற்றப் பகுதியைச் சும்மா விட்டுக் கவனிச்சுப் பாத்து 2002 இல சொன்னவை, வைத்தியம் இல்லாத பகுதியில 62 வீதம் பேருக்கு வருத்தம் முன்னேறினது, குடுத்த பகுதியில 45 வீதம். அமுக்கம் பாதரச அளவில 1 மில்லிமீற்றர் குறைஞ்சாலே ஆபத்து ஏறக்குறைய 10 வீதம் குறையும் எண்டதும் அதில வந்த கணக்குத்தான். இதில கவனிக்க வேண்டிய இன்னொண்டு, அந்த ஆக்களின்ர சராசரி அமுக்கம் 20.6 தான். 21 வரைக்கும் நோர்மல் எண்டு சொல்லுற கணக்குப்படி பாத்தா கனபேர் "நோர்மல்" ஆக்கள். "எனக்குப் பிரஷர் 18 தான், பயமில்லை" எண்டு கடையில சொல்லிப்போட்டுப் போற ஐயாமாரை நினைச்சா எனக்கு அந்தரமா இருக்கும்.

அதே வருசம் அமெரிக்காவில 1636 பேரை வைச்சு மறுபக்கத்தையும் பாத்தவை. அமுக்கம் கூட, ஆனா நரம்பு இன்னும் பழுதாகேல்ல, அப்பிடியான ஆக்கள். 5 வருசத்தில சொட்டு விட்டவையில 4.4 வீதத்துக்கும் விடாதவையில 9.5 வீதத்துக்கும் குளுக்கோமா வந்தது. மருந்து பாதிக்குப் பாதி காப்பாத்துது எண்டு இதை வாசிக்கலாம், மருந்தே விடாத 10 பேரில 9 பேருக்கு 5 வருசத்தில ஒண்டும் வரேல்ல எண்டும் வாசிக்கலாம், ரெண்டும் சரிதான். எனக்கு இந்த ஆராய்ச்சியில பிடிச்சது அதுதான், எல்லாருக்கும் எழுதிக் குடுக்கத் தேவையில்லை, ஆரைக் கவனிக்கவேணும் எண்டு பாருங்கோ எண்டு சொன்னது. கருவிழியின்ர முன் சவ்வு, கோர்னியா, மெல்லிசா இருக்கிற ஆக்களுக்கு ஆபத்துக் கூட எண்டும் அதிலதான் வெளிச்சது. அதில சேர்ந்தவை கூடுதலா வெள்ளைக்காரர், கால்வாசி கறுப்பினத்து ஆக்கள். சென்னைப் பக்கத்துக் குளுக்கோமா ஆய்வில டவுன் ஆக்களை விடக் கிராமத்து ஆக்களின்ர கோர்னியா மெல்லிசு எண்டு கண்டவை. மெல்லிசா இருந்தா மிசின் அமுக்கத்தைக் குறைச்சுக் காட்டும். அப்ப வடமராட்சியில வெயிலுக்க நிண்டு தோட்டம் செய்த ஒருத்தருக்கு 19 எண்டு காட்டினா அது உண்மையில எத்தினை? இதுக்குப் பதில் மால்மோவில இல்லை.

இப்ப சொட்டு மருந்துக் கதைக்கு வாறன், இதில எனக்குக் கொஞ்சம் வாய் நீளும். மருந்தில பிழையில்லை. 2015 இல இங்கிலாந்தில 516 பேருக்கு ஒரு பகுதிக்கு லற்றானோபுறொஸ்ற் எண்ட அமுக்கம் குறைக்கிற சொட்டும் மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத வெறும் சொட்டும் குடுத்து ரெண்டு வருசம் பாத்ததில பார்வை குறைஞ்சது மருந்துப் பக்கம் 15.2 வீதம், வெறும் சொட்டுப் பக்கம் 25.6 வீதம். நல்ல மருந்து. ஆனா அது போத்தலுக்குள்ள இருந்து கண்ணுக்குள்ள போகவேணுமே. 2009 இல அமெரிக்காவில ஒரு வேலை செய்தவை, சொட்டு விடுற நேரத்தைப் பதியிற ஒரு கருவியை ஆக்களிட்டக் குடுத்து, மருந்தையும் சும்மா குடுத்து, "உங்களைக் கவனிக்கிறம்" எண்டும் முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுப் பாத்தவை. அப்பிடியும் 45 வீதம் மட்டான ஆக்கள் விடவேண்டிய நாளில முக்கால்வாசி கூட விடேல்ல. கிளினிக் நாள் கிட்ட வரேக்க மட்டும் ஒழுங்கா விடுறது, பேந்து பழையபடி தவற விடுறது. சிரிக்காதேங்கோ, எங்கட ஆக்களும் உதுதான். கிளினிக்குக்கு ரெண்டு நாளைக்கு முதல் ஓடி வந்து போத்தல் வாங்கிற ஆக்களை எனக்கு முகம் முகமாத் தெரியும், ரெண்டு கண்ணுக்கும் விட்டா ஒரு மாசம் போற போத்தல் அவைக்கு மூண்டு மாசம் போகுது. நீங்கள் அண்டைக்கு அமுக்கத்தை அளந்து "நல்லா இருக்கு, இதையே தொடருங்கோ" எண்டு கொப்பியில எழுதி விடுறியள்.

ஏன் விடீனமில்லை எண்டு கேட்டா ஒவ்வொருத்தரிட்டயும் ஒவ்வொரு கதை. ஒரு அம்மா சொன்னவ, கை நடுங்குது, கன்னத்திலதான் விழுது, மகள் கனடாவில இருந்து வீடியோ கோலில பாத்துக்கொண்டு "அம்மா இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" எண்டு சொல்லுறவவாம். எங்கட ஊரில இப்ப பாதி வீடு அப்பிடித்தான், தனிய இருக்கிற வயசு போன ஆக்கள், சொட்டு விட ஒரு கை இல்லை. இன்னொருத்தர் விழுந்ததோ இல்லையோ எண்ட சந்தேகத்தில மூண்டு நாலு சொட்டு விடுவார், கண்ணுக்குள்ள ஒரு சொட்டே முழுசாத் தங்காது, மிச்சம் வழிஞ்சு வேட்டியிலதான், போத்தலும் கெதியா முடிஞ்சிடும். கந்தசட்டிக்கு உபவாசம் இருக்கிற அம்மாமார் அந்த ஆறு நாளும் சொட்டே தொடீனமில்லை, ஏனெண்டா விட்டவுடன தொண்டையில கசப்பு இறங்குது, விரதம் முறிஞ்சு போம் எண்ட பயம். கண்ணின்ர மூக்குப் பக்கத்து மூலையை விரலால ரெண்டு நிமிசம் அமத்திக்கொண்டு கண்ணை மூடி இருந்தா மருந்து தொண்டைக்கு இறங்கிறது நல்லாக் குறையும், இரத்தத்தில கலக்கிறதும் குறையும், ரிமோலோல் எண்ட மற்றப் பிரஷர் சொட்டு விடுற ஆக்களுக்கு இது முக்கியம், அது இதயத் துடிப்பைக் குறைக்கும், தொய்வு இருக்கிற ஆக்களுக்கு மூச்சை முட்டிப்போடும். இதை ஒருத்தரும் அவைக்குச் சொல்லேல்ல. சொன்னா சட்டிக்கும் விடுவினமோ இல்லையோ? இது ஒரு அருமையான சின்ன ஆராய்ச்சி, மருத்துவ பீடத்துப் பிள்ளையள் ஒரு ஐப்பசியில துவங்கி முடிக்கலாம், பெரிய காசும் வேண்டாம்.

இப்பிடிச் சொந்தக் கேள்வி கேக்கிறதுக்கு லண்டனிட்ட அனுமதி வாங்கத் தேவையில்லை. சென்னையில 2006 இல சிரசாசனம் செய்யிற 75 பேரைத் தலைகீழா நிக்க விட்டு அளந்து பாத்தவை, அமுக்கம் ஏறக்குறைய ரெண்டு மடங்கா ஏறினது. வெள்ளைக்காரனுக்கு அந்தக் கேள்வி எழும்பி இருக்குமோ? பக்கத்து வீட்டில ஆசனம் செய்யிற ஆள் இருந்தாத்தான் எழும்பும்.

பிறகு வெக்கை. லற்றானோபுறொஸ்ற் உடைக்காத போத்தல் 2 இல இருந்து 8 பாகைக்குள்ள பிரிட்ஜில இருக்கவேணும், உடைச்சாப் பிறகு 25 பாகைக்கு மேல போகாம ஆறு கிழமை மட்டும் வைக்கலாம் எண்டு பெட்டியில போட்டிருக்கு. 25 பாகையோ! சித்திரை பிறந்தா எங்கட ஊரில விடியக் காலமையே அதைத் தாண்டீடும், தகரக் கூரை வீட்டுக்குள்ள மத்தியானம் என்ன பாகை எண்டு ஆரும் அளக்கப் போறேல்ல. 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாளில என்ர கடைப் பிரிட்ஜுக்குள்ள ஐஸ் வாங்கிக் கொட்டினனாங்கள், சனத்தின்ர வீட்டில ஆர் கொட்டினது? மருந்தே கிடையாத காலம் அது, கிடைச்சதை வாங்கி என்ன பாகையில வைச்சிருப்பினம் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். அப்பிடி இருந்த போத்தலுக்குள்ள மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கும் எண்டு ஆரும் எடுத்துப் பாத்ததோ?

அதாலதான் லேசர் எண்டு சொல்லுறன். தேர்ந்தெடுத்த லேசர், எஸ்எல்ரி எண்டு டொக்டர்மார் சொல்லுறது, அந்தத் தூர்ந்த வடிகாலுக்கு லேசர் ஒளியைப் பாய்ச்சி நீரை வடிய விடுறது, அண்டைக்கே வீட்டை போகலாம். இங்கிலாந்தில 718 பேரை ரெண்டாப் பிரிச்சு ஒரு பகுதிக்கு முதல்ல லேசர், மற்றப் பகுதிக்கு முதல்ல சொட்டு எண்டு குடுத்து 2019 இல முடிவு வந்தது. லேசர் பக்கம் மூண்டு வருசத்தால 4 பேரில 3 பேர் மட்டில சொட்டே இல்லாம அமுக்கம் சரியா இருந்தவை, ஒருத்தருக்கும் குளுக்கோமா ஒப்பரேசன் தேவைப்படேல்ல, சொட்டுப் பக்கம் 11 பேருக்குத் தேவைப்பட்டது. 6 வருசத்தாலயும் 10 இல 7 கண் சொட்டில்லாமத்தான். அதைப் பாத்து அந்த நாட்டில வழிகாட்டியையே 2022 இல மாத்தி லேசரை முதல்ல குடுங்கோ எண்டு போட்டினம்.

அது பணக்கார நாடு எண்டுவியள். சரி, தன்சானியாவுக்கு வாங்கோ. கிளிமஞ்சாரோ மலையடியில மோசி எண்டொரு ஊர், அங்க 201 பேரை வைச்சு லேசரோ ரிமோலோல் சொட்டோ எண்டு பாத்து 2021 இல முடிவு சொன்னவை, ஒரு வருசத்தால சொட்டுப் பக்கம் வெற்றி 31 வீதம், லேசர் பக்கம் 61 வீதம். அவையின்ர வருத்தம் இங்கிலாந்துக்காரரின்ரயை விட முத்தின வருத்தம், தூரத்தில இருந்து வாற சனம், மருந்துக்குக் காசு கஷ்டம். இதை வாசிக்கேக்க எனக்கு நெடுந்தீவில இருந்து குறிகாட்டுவானுக்குப் போட் பிடிச்சு, அங்க இருந்து பஸ் பிடிச்சு வாற ஆக்கள்தான் கண்ணுக்குள்ள வந்தவை. கடல் கொந்தளிச்சா போட் இல்லை, போட் இல்லையெண்டா கிளினிக் இல்லை, கிளினிக் இல்லையெண்டா மருந்தும் இல்லை. அந்த ஆக்களுக்கு ஒருக்கா லேசர் அடிச்சா ஒண்டு ரெண்டு வருசம் நிம்மதியோ இல்லையோ எண்டு மோசிக்காரர் கேட்ட மாதிரி நீங்களும் கேளுங்கோவன்.

லேசர் எல்லாருக்கும் சரிவராது எண்டு எனக்கும் தெரியும். கோணம், அதாவது கண்ணுக்குள்ள நீர் வடியிற மூலை, மூடிப்போன கண்ணுக்கு இந்த லேசர் அடிக்கேலாது, எங்கட ஆசியப் பக்கம் அந்த வகை ஐரோப்பாவை விடக் கூட, அப்ப முதல்ல ஆருக்கு எந்த வகை எண்டு லென்ஸ் வைச்சுப் பாக்கவேணும், அதுவே இஞ்சை ஒரு பெரிய வேலை. வருமுன் காப்பம் எண்டு எல்லாருக்கும் அடிக்கிறதும் பிழை. சீனாவில குவாங்சோவில கோணம் ஒடுங்கின 889 பேருக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் வேற வகை லேசர் அடிச்சு, மற்றக் கண்ணை விட்டு 6 வருசம் பாத்தவை, அடிச்ச பக்கம் 19 கண்ணும் அடிக்காத பக்கம் 36 கண்ணும்தான் மோசமானது. குறைஞ்சதுதான், ஆனா மொத்தமே இவ்வளவு குறைவா இருக்கேக்க ஊர் முழுக்க அடிக்கத் தேவையில்லை எண்டு அவையே சொல்லிப்போட்டினம். சோதிச்சுப் பாக்காம இருந்திருந்தா எத்தினை ஆயிரம் கண்ணுக்குச் சும்மா அடிச்சிருப்பினம்.

நெறிமுறைக் குழு ஆக்களுக்கு எண்டு ஒரு பங்கு வைச்சிருக்கிறன். "ஒரு கண்ணுக்கு மட்டும் அடிப்பம், மற்றதை விடுவம், ஆருக்கு எது எண்டு குலுக்கல் மாதிரித்தான் முடிவு" எண்டு ஒரு ஐயாவுக்கு எப்பிடிச் சொல்லப் போறியள்? அவர் "டொக்டர் சொன்னாச் சரி" எண்டு கையெழுத்து வைச்சிட்டுப் போயிடுவார், வாசிக்கவும் மாட்டார், அவருக்குப் பார்வையே குறைவு, நீங்கள் நீட்டிற தாளில எழுத்து எறும்பு அளவு. பெரிய எழுத்தில அடியுங்கோ, இல்லையெண்டா வாசிச்சுச் சொல்லி, அவர் தன்ர வாயால திருப்பிச் சொல்லுறாரோ எண்டு பாருங்கோ. மானிப்பாயில அமெரிக்க மிசன் டொக்டர் கிறீன் ஐயா 1800களிலயே தமிழில மருத்துவம் படிப்பிச்ச மண் இது, எங்களுக்கு விளங்காது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

அதோட முடிவு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஏதோ ஒரு ஆராய்ச்சிக்கு இரத்தமும் குடுத்து, கேள்வித் தாளும் நிரப்பி, ரெண்டு வருசம் ஒழுங்காப் போய் வந்தவர், பேந்து ஒரு சத்தமும் இல்லை. ஆர் செய்தது எண்டு சொல்ல வரேல்ல. ஆனா மனிசரை வைச்சுச் செய்யிற ஆராய்ச்சிக்கு உலக மருத்துவச் சங்கம் போட்ட ஹெல்சிங்கிப் பிரகடனத்திலயே கிடக்குது, சேர்ந்த ஆக்கள் விரும்பினா பொதுவான முடிவை அவைக்குத் தெரியப்படுத்த வேணும் எண்டு. பட்டம் எடுக்கிறதுக்கு எங்கட கண், பேப்பர் வெளிவாறது கொழும்பிலயும் லண்டனிலயும், எங்களுக்கு ஒரு கடுதாசி கூட இல்லையெண்டா அடுத்த முறை கூப்பிட்டா ஆர் வருவினம்? ஒரு கோயில் மண்டபத்தில, ஒரு வாசிகசாலையில, ஒரு பின்னேரம் வந்து சொன்னாப் போதும். மருந்து வேலை செய்யேல்ல எண்டாலும் வந்து சொல்லுங்கோ, அதையும் நாங்கள் கேப்பம். ஆராய்ச்சிக்கெண்டு கொண்டுவாற லேசர் மிசினை ஆராய்ச்சி முடிஞ்ச கையோட பெட்டி கட்டிக்கொண்டு போறேல்ல எண்டதையும் அனுமதி குடுக்கேக்கயே எழுத்தில வாங்கிப்போடுங்கோ.

எங்கட தொழில்காரருக்கும் ஒரு சொல்லு சொல்லாட்டி நியாயமில்லை. கண் சிவந்தா துண்டு இல்லாமலே ஸ்ரெரோயிட் சொட்டைத் தூக்கிக் குடுக்கிற கடையள் இருக்கு, சிவப்பு ஒரு நாளில மாறும், சனத்துக்குப் பெரிய சந்தோசம், மாசக்கணக்கா விட்டா சில பேருக்கு அமுக்கம் சத்தமில்லாம ஏறும். பிள்ளையளுக்கும் ஏறும். இதையும் ஆரும் ஒருக்கா ஊர் ஊரா எண்ணிப் பாக்கவேணும், நாங்கள் கோவிக்க மாட்டம், கோவிச்சாலும் எண்ணுங்கோ.

நான் என்னாலை ஏலுமானதைச் சொல்லுறன். ஒரு சோதனை துவங்கினா, ஆரார் எப்ப போத்தல் வாங்கீனம் எண்டு அவையின்ர சம்மதத்தோட பதிஞ்சு தரலாம், முடிஞ்ச போத்தலைக் கடையில திருப்பிக் குடுக்கச் சொல்லிச் சேர்த்து வைக்கலாம், மூலையை அமத்திற விதத்தைப் படம் கீறித் தந்தியளெண்டா ஒவ்வொரு பையுக்குள்ளயும் ஒண்டு போட்டுக் குடுக்கலாம். முதலாளியோட கதைச்சிட்டன், அவர் சரியெண்டிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை பூட்டு, மற்ற நாளில பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சனம் குறைவு, அப்ப வாங்கோ, இருந்து கதைப்பம்.

இப்பிடிக்கு,
டவுனில மருந்துக்கடையில நிக்கிற ஒருவன்